கார்த்திகைப்பூவின் நாடு எது?

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் வந்தால் கார்த்திகைப்பூ செய்தியாகிவிடுகிறது. ஒரு தரப்புக்கு அது அஞ்சலியின் அடையாளம். இன்னொரு தரப்புக்குச் சந்தேகத்துக்குரிய சின்னம். பதாகையில் அச்சிட்டால் கேள்வி வருகிறது, சுவரில் வரைந்தால் விசாரணை வருகிறது. டிசெம்பர் பிறந்ததும் எல்லோரும் அதை மறந்துவிடுகிறார்கள். அந்தப் பூவைத் தாங்கி நிற்கும் கொடியைப் பற்றியோ, அதற்குக் கீழே மண்ணுக்குள் இருக்கும் கிழங்கைப் பற்றியோ பேச்சு எழுவதே இல்லை.

வடக்கிலும் கிழக்கிலும் பல வருடங்களாக இந்தக் கொடியைத் தேடிப் பார்த்து வருகிறேன். வேலியோரம், பற்றைக்காடு, கடற்கரை மணல், கைவிடப்பட்ட வளவு என்று அது முளைக்கும் இடங்களைக் குறித்து வைப்பது என் பழக்கம். அப்படிப் பார்த்ததில் எனக்கு ஒன்று விளங்கியது. இந்தப் பூவை எல்லோருக்கும் தெரியும், தாவரத்தைத் தெரிந்தவர்கள் குறைவு. அது எங்கெல்லாம் இயற்கையாக வளர்கிறது, ஏன் கார்த்திகையில் பூக்கிறது, அதன் கிழங்கு ஏன் ஆளைக் கொல்லும், அதே நஞ்சு எப்படி மருந்தாகிறது என்பதை ஓரிடத்தில் தொகுத்துத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மண்ணுக்குள் ஒரு கலப்பை

கார்த்திகைப்பூவின் தாவரவியற் பெயர் குளோரியோசா சுப்பர்பா. 1753ஆம் ஆண்டு கார்ல் லின்னேயஸ் வைத்த பெயர் இது. இரண்டு இலத்தீன் சொற்களும் ஏறத்தாழ ஒரே பொருளைத் தருபவை: மகிமை பொருந்தியது, கம்பீரமானது.

ஆண்டின் பெரும்பகுதி இது நிலத்துக்கு மேலே இருப்பதில்லை. வெயில் காலத்தில் கொடி காய்ந்து மறைந்துவிடும். உயிர் கிழங்கில் உறங்கும். கிழங்கின் வடிவம் வித்தியாசமானது. விரல் தடிப்பில் இரண்டு கிளைகள் ஒரு முனையில் இணைந்து, மடக்கிய முழங்கையைப் போல இருக்கும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு முளைதான். அந்த நுனி முறிந்தால் அந்தக் கிளையிலிருந்து கொடி வராது. உருளைக்கிழங்கைப் போலத் துண்டு துண்டாக வெட்டி நட முடியாத கிழங்கு இது. மண்வெட்டி ஒருமுறை தவறிப் பட்டால் போதும், பல வருடங்கள் அந்த இடத்தில் முளைத்த கொடி இல்லாமற் போய்விடலாம்.

மழை விழுந்து மண் ஊறியதும் முளை வெளியே வரும். சில வாரங்களில் ஒரு மனிதனின் உயரத்துக்கும், நல்ல பிடிமானம் கிடைத்தால் அதற்கு மேலும் ஏறிவிடும். ஏறுவதற்கு அது கையாளும் வழி அழகானது. பாகல், புடோல் போன்ற கொடிகளுக்குப் பற்றிப் பிடிக்கத் தனிச் சுருள்கள் உண்டு. கார்த்திகைக் கொடியிலோ இலையின் நுனியே நீண்டு சுருண்டு, அருகிலுள்ள கிளையைப் பிடித்துக்கொள்கிறது. ஒவ்வோர் இலையும் ஒரு கை.

பூவுக்கு ஆறு இதழ்கள். அவை கீழ்நோக்கி விரியாமல் பின்புறமாக மடிந்து மேல்நோக்கி நிற்கும். ஓரங்கள் அலையலையாக நெளிந்திருக்கும். மொட்டு பச்சை. விரியும்போது அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக மாறி, சில நாட்களில் முழுப் பூவும் சிவந்துவிடும். ஒரே கொடியில் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என நான்கு நிறத்திலும் பூக்கள் தெரிவது இதனால்தான். ஆறு மகரந்தக் காம்புகளும் சக்கரத்தின் ஆரங்களைப் போல வெளியே விரிந்திருக்கும். சூலகத்திலிருந்து வரும் தண்டு அடியிலேயே செங்கோணமாக மடிந்து பக்கவாட்டில் நீளும். தன் மகரந்தம் தன் மேலேயே எளிதில் விழாதபடி அமைந்த ஏற்பாடு இது. வண்ணத்துப்பூச்சிகளும் தேன்சிட்டுகளும் பூவைச் சுற்றி வரும்போது மகரந்தம் ஒரு பூவிலிருந்து மறு பூவுக்குப் போகிறது.

காய் முற்றி வெடித்தால் உள்ளே செம்மஞ்சள் நிற விதைகள் வரிசையாக இருக்கும். விதை முளைக்க நெடுங்காலம் எடுக்கும். விதையிலிருந்து வளரும் செடி பூப்பதற்கு மூன்று நான்கு வருடங்கள் செல்லும். ஆகவே வேலியில் நாம் காணும் ஒரு பூங்கொடிக்குப் பின்னால் குறைந்தது சில வருட நிலத்தடி வாழ்க்கை இருக்கிறது.

பல பெயர்கள்

தமிழில் இதற்கு இருக்கும் பெயர்களைப் பார்த்தாலே மக்கள் இதை எந்தெந்தக் கண்ணால் பார்த்தார்கள் என்று தெரியும். பூவைப் பார்த்தவர்கள் காந்தள், செங்காந்தள் என்றார்கள். பூக்கும் மாதத்தைப் பார்த்தவர்கள் கார்த்திகைப்பூ என்றார்கள். கிழங்கைத் தோண்டிப் பார்த்தவர்கள் அதன் மடிந்த வடிவத்தை வைத்துக் கலப்பைக்கிழங்கு என்றார்கள். வடமொழியில் வழங்கும் லாங்கலி என்ற பெயரும் கலப்பையைக் குறிக்கும் சொல்லிலிருந்தே வருகிறது. அக்கினிசிகை என்ற இன்னொரு வடமொழிப் பெயர் தீக்கொழுந்தைக் குறிக்கும். தமிழ்நாட்டு விவசாயிகள் இதைக் கண்வலிக்கிழங்கு என்கிறார்கள். பூவை உற்றுப் பார்த்தால் கண் நோகும் என்ற நம்பிக்கை அங்கு உண்டு. சிங்களத்தில் நியகலா.

தோன்றி என்பதும் ஒரு பழைய தமிழ்ப் பெயர். மலையாளத்தில் அது மேந்தோன்னி. 17ஆம் நூற்றாண்டில் கொச்சியில் ஒல்லாந்த ஆளுநராக இருந்த வான் ரீட், மலையாளக் கரையின் தாவரங்களைப் பன்னிரண்டு பாகங்களில் தொகுத்தார். 1678 முதல் 1693 வரை வெளிவந்த அந்த நூலில் இந்தக் கொடி மெண்டோனி என்ற பெயரில் படத்துடன் இருக்கிறது. லின்னேயஸ் பெயர் வைப்பதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் முன்பே ஐரோப்பா இந்தத் தாவரத்தை உள்ளூர்ப் பெயரால் அறிந்திருந்தது.

சங்கப் பாடல்களில் காந்தள் குறிஞ்சி நிலத்துப் பூ, முருகனுக்குரிய பூ, பெண்களின் விரல்களுக்கு உவமையாக வரும் பூ. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கப்படும் 99 பூக்களில் முதலாவதாக வருவது செங்காந்தள்தான். மலையே இல்லாத யாழ்ப்பாணத்தில் இந்த மலைப்பூ எப்படி வந்தது என்று ஒரு மாணவி என்னிடம் ஒருமுறை கேட்டாள். நல்ல கேள்வி. இலக்கியம் அதை மலையில் வைத்தது. தாவரம் அந்த எல்லைக்குள் நிற்கவில்லை.

இயற்கைப் பரம்பல்

கார்த்திகைப்பூவின் இயற்கையான வாழிடம் இரண்டு கண்டங்களில் பரந்து கிடக்கிறது. மேற்கே செனகல் தொடங்கி, எத்தியோப்பியா, கென்யா, தன்சானியா, சிம்பாப்வே வழியாகத் தென்னாபிரிக்கா வரை ஆபிரிக்காவின் வெப்பவலயம் முழுவதும் இது உண்டு. மடகஸ்காரில் உண்டு. பின்பு இந்தியா, நேபாளம், பங்களாதேஷ், இலங்கை. அங்கிருந்து மியன்மார், தாய்லாந்து, தென் சீனா, மலேசியா, இந்தோனேசியா வரை இதன் பரம்பல் தொடர்கிறது.

குளோரியோசா என்ற இந்தப் பேரினத்தில் ஏறத்தாழப் பத்து இனங்கள் இருக்கின்றன. அவை பெரும்பாலும் ஆபிரிக்காவுக்கு உரியவை. தென்னாசியாவில் இயற்கையாக வளர்வது கார்த்திகைப்பூ ஒன்றுதான்.

இவ்வளவு தூரம் பரந்திருக்கும் தாவரத்துக்கு எந்த நிலம் பிடிக்கும்? நீர் தேங்காத மண் வேண்டும். பற்றி ஏற ஒரு பற்றையோ வேலியோ வேண்டும். மழை பெய்யும் ஒரு காலமும் காய்ந்து கிடக்கும் ஒரு காலமும் வேண்டும். இந்த மூன்றும் கிடைத்தால் கடலோர மணல், ஆபிரிக்கப் புல்வெளி, மலைச்சரிவு என்று எங்கும் வளரும். கோடையில் புல்வெளி தீப்பற்றி எரிந்தாலும் கிழங்கு மண்ணுக்குள் பிழைத்துக்கொள்ளும்.

இலங்கையில் இது தாழ்நிலத் தாவரம், முக்கியமாக உலர் வலயத்தின் தாவரம். யாழ்ப்பாணத்து வேலிகளிலும், வன்னிப் பற்றைக்காடுகளிலும், மன்னாரிலும், முல்லைத்தீவிலிருந்து மட்டக்களப்பு வரையான கரையோரத்திலும் இருப்பது போலவே, தெற்கே அம்பாந்தோட்டை, யால பக்கத்து முட்காடுகளிலும் இருக்கிறது. உலர் வலயம் எங்கே போகிறதோ அங்கே இந்தக் கொடியும் போகிறது. மாகாண எல்லையோ மொழி எல்லையோ அதற்குத் தெரியாது.

நாட்காட்டி மழையிடம்

கார்த்திகையில் பூப்பதால்தான் கார்த்திகைப்பூ. ஆனால் உலகம் முழுவதும் இது கார்த்திகையில் பூப்பதில்லை.

நமது வடக்கு, கிழக்கிலும் தமிழ்நாட்டின் சமவெளியிலும் பெருமழை ஒக்டோபரில் தொடங்கும் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சியோடு வருகிறது. கிழங்கு அந்த ஈரத்தில் விழித்து, நவம்பரில் பூவைக் காட்டுகிறது. மேற்கு இந்தியாவின் கொங்கண் கரையில் மழை ஜூனிலேயே தென்மேல் பருவப்பெயர்ச்சியோடு வந்துவிடும். அங்கே ஓகஸ்ட், செப்டெம்பரிலேயே இதே பூவைக் காணலாம். சிம்பாப்வேயில் மழைக்காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. அங்கு புதுவருடத்தை ஒட்டி, அவர்களது கோடைகாலத்தில் இது பூக்கிறது.

வெவ்வேறு மாதங்கள், ஒரே விதி. மழை வந்து சில வாரங்களில் பூ. மழை பிந்திய வருடங்களில் நம்மூரிலும் பூ பிந்துவதை நான் பார்த்திருக்கிறேன். நவம்பர் 27ஆம் திகதிக்குப் பூ கிடைக்கவில்லை என்று தேடி அலைந்தவர்களும் உண்டு, ஒக்டோபர் நடுவிலேயே பூத்து முடிந்துவிட்டது என்று சொன்னவர்களும் உண்டு. மழைக்காலம் ஒழுங்கு மாறும்போது, மாதத்தின் பெயரைத் தாங்கிய பூ அந்த மாதத்தைத் தவறவிடுவதும் நடக்கும்.

ஐரோப்பாவில் ஓர் உறவினர்

இந்தக் கொடிக்கு ஐரோப்பாவில் ஓர் உறவினர் இருக்கிறார். பார்த்தால் உறவு தெரியாது. கொல்சிக்கம் ஓட்டம்னாலே என்பது அதன் பெயர். பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி தொடங்கி பால்கன் நாடுகள் வரை ஈரமான புல்வெளிகளில் இயற்கையாக வளர்கிறது. மற்றப் பூக்கள் முடிந்துபோகும் செப்டெம்பர், ஒக்டோபரில், ஒரு இலைகூட இல்லாமல், வெறும் மண்ணிலிருந்து இளம் ஊதாப் பூவாக எழும். இலைகளும் காயும் அடுத்த வசந்தத்தில்தான் வெளிவரும். கருங்கடலோரம், இன்றைய ஜோர்ஜியாவில் இருந்த கொல்கிஸ் என்ற பண்டைய நாட்டின் பெயரிலிருந்து இதற்குப் பெயர் வந்தது. கிரேக்கக் கதைகளில் நஞ்சு கலக்கத் தெரிந்த மெடியா பிறந்த நாடு அது.

குங்குமப்பூவைப் போலத் தோன்றும் இந்தப் பூவும், வேலியில் படரும் கார்த்திகைப்பூவும் ஒரே தாவரக் குடும்பம். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது கொல்சிசின் என்ற நஞ்சு. 1820இல் பிரெஞ்சு வேதியியலாளர்களான பெல்லெத்தியேயும் கவாந்துவும் ஐரோப்பியத் தாவரத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். 1915இல் கார்த்திகைக் கிழங்கிலும் அதே பொருள் இருப்பது கண்டறியப்பட்டது.

கொல்சிசின் செய்யும் வேலையை விளங்கிக்கொள்வது முக்கியம், ஏனெனில் மருந்தும் நஞ்சும் அந்த ஒரே வேலையிலிருந்துதான் வருகின்றன. உடலின் ஒரு கலம் இரண்டாகப் பிரியும்போது, உள்ளே நுண்ணிய குழாய்கள் உருவாகி நிறமூர்த்தங்களை இரு பக்கமும் இழுக்கின்றன. கொல்சிசின் அந்தக் குழாய்களைக் கட்டவிடாமல் தடுக்கிறது. கலம் பிரிய ஆரம்பித்த நிலையிலேயே நின்றுவிடும்.

விஞ்ஞானிகளுக்கு இது ஒரு கருவியானது. 1937 அளவில் தாவரங்களில் நிறமூர்த்த எண்ணிக்கையை இரட்டிப்பாக்க இதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். விதையில்லாத வத்தகப்பழம் அந்த வழியில் பிறந்ததுதான். மனிதருக்கு 46 நிறமூர்த்தங்கள் என்று 1955இல் சரியாக எண்ணியபோதும், பிரியும் கலங்களை அந்த நிலையில் நிறுத்தி வைக்கக் கொல்சிசின் உதவியது. மருத்துவத்தில் ‘கவுட்’ எனப்படும் மூட்டு வாதத்துக்கு இது நெடுங்காலமாகக் கொடுக்கப்படுகிறது. 2023இல் அமெரிக்க மருந்து நிர்வாகம், இதய நோயாளிகளுக்கு மாரடைப்பு ஆபத்தைக் குறைக்க மிகக் குறைந்த அளவு கொல்சிசினை அனுமதித்தது.

கிழங்கு கொல்லும்

மருந்தாகும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு. கார்த்திகைக் கொடியின் எல்லாப் பாகமும் நஞ்சு. கிழங்கும் விதையும் இன்னும் மோசம். இலங்கையில் மரணம் வரை போகும் தாவர நஞ்சுகளில் அலரிவிதையோடு சேர்த்துப் பேசப்படுவது இந்தக் கிழங்கு.

தவறு பெரும்பாலும் சமையலில் நடக்கிறது. தோண்டி எடுத்த கிழங்கு வற்றாளங்கிழங்கையோ வேறு காட்டுக் கிழங்கையோ போலத் தோன்றும். ஐரோப்பாவிலும் இதேபோல நடக்கிறது. அங்கே வசந்தத்தில் முளைக்கும் கொல்சிக்க இலையைக் காட்டுப் பூண்டின் இலை என்று நினைத்துப் பறித்துச் சாப்பிட்டு இறந்தவர்கள் இருக்கிறார்கள். அவித்தாலும் பொரித்தாலும் இந்த நஞ்சு போய்விடும் என்று நம்பக் கூடாது.

உண்டு சில மணித்தியாலங்களில் வாந்தியும் கடும் வயிற்றோட்டமும் தொடங்கும். பிரியும் கலங்களைத் தாக்கும் நஞ்சு என்பதால், உடலில் எங்கெல்லாம் கலங்கள் வேகமாகப் பெருகுகின்றனவோ அங்கெல்லாம் அது வரிசையாகப் போகிறது. முதலில் குடலின் உட்சுவர். பின்பு எலும்பு மச்சை. அதனால் குருதிக் கலங்கள் குறைந்து தொற்றும் இரத்தக்கசிவும் வரும். பிழைத்தவர்களுக்கு ஓரிரு வாரங்களில் தலைமுடி கொட்டும். 1966இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் இலங்கையிலிருந்து ஓர் இளம்பெண்ணின் நேர்வு வெளியானது. கிழங்கை உண்டு உயிர்பிழைத்த அவருக்கு உடல் முழுவதும் முடி உதிர்ந்திருந்தது. இந்த நஞ்சு பற்றி எழுதும் மருத்துவர்கள் இன்றும் அந்தக் குறிப்பைச் சுட்டுகிறார்கள்.

இதற்குப் பொதுவாகக் கிடைக்கும் முறிமருந்து எதுவும் இல்லை. நேரத்தோடு வைத்தியசாலைக்குப் போவது மட்டுமே வழி. முதல் வாந்தி நின்று ஆள் தெளிந்துவிட்டதுபோல் தெரிந்தாலும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. ஆபத்தான கட்டம் அதற்குப் பிறகுதான் வரும். 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். உண்ட கிழங்கில் மிச்சம் இருந்தால் வைத்தியரிடம் காட்டக் கையோடு கொண்டுபோங்கள்.

நாட்டு வைத்தியத்தில் இந்தக் கிழங்கைச் சுத்தி செய்து பயன்படுத்தும் முறைகள் உண்டு. பிரசவத்துக்காக அரைத்துப் பூசும் வழக்கமும் இருந்தது. அவை அந்தத் துறையில் பயின்றவர்களின் கையில் இருக்க வேண்டியவை. இணையத்தில் பார்த்து வீட்டில் செய்து பார்க்கும் விடயமல்ல.

பாக்குநீரிணைக்கு அப்பால் ஒரு பயிர்

நம் வேலியில் தானாக முளைக்கும் இதே கொடி, தமிழ்நாட்டில் பணப்பயிர். தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி, வேதாரண்யம் பக்கங்களில் இது வயல்களில் விளைகிறது. மருந்துக் கம்பனிகளுக்காக விதை ஏற்றுமதியாகிறது. விலை நன்றாக இருக்கும் வருடங்களில் ஒரு கிலோ விதை இந்திய ரூபாவில் ஆயிரங்களைத் தாண்டும். விழுந்தால் பாதாளத்துக்கு விழும்.

அந்த வயல்களில் எனக்கு ஆச்சரியம் தரும் விடயங்கள் இரண்டு. முதலாவது, கொடி ஏறுவதற்கு அங்கே கிளுவை நடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் நம் முன்னோர் வேலிக்கு நட்டதும் கிளுவைதான். இரண்டாவது, மகரந்தச் சேர்க்கையைத் தொழிலாளர்கள் கையால் செய்கிறார்கள். பூக்கும் காலத்தில் காலை நேரத்தில் ஒவ்வொரு பூவாகத் தொட்டு, மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் வைப்பார்கள். நஞ்சுச் செடி என்பதால் விதையையும் கிழங்கையும் கையாள்வோருக்குப் பாதுகாப்பு தேவை. கூலிக்கு வேலை செய்வோருக்கு அது கிடைக்கிறதா என்பது வேறு கேள்வி.

பயிராக்கும் ஆசைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஆரம்பத்தில் வயலில் நடுவதற்கான கிழங்குகள் காட்டிலிருந்துதான் தோண்டப்பட்டன. விதையிலிருந்து வளர்க்க வருடங்கள் ஆகும் தாவரத்தில், காட்டுக் கிழங்கைத் தோண்டுவது எளிய வழி. அதன் விளைவாக இந்தியாவின் பல இடங்களில் காட்டுக் கொடி அருகிப்போனது. இங்கே யாராவது இதை வணிகப் பயிராக்க முன்வந்தால் முதலில் நினைவில் வைக்க வேண்டிய பாடம் அது.

இதற்கு நேர்மாறான கதை அவுஸ்திரேலியாவில் நடக்கிறது. அழகுக்காகத் தோட்டங்களில் நட்ட கொடி வெளியே தப்பி, குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் கடலோர மணல்மேடுகளில் பரவிவிட்டது. அங்கு அது களையெடுக்கப்பட வேண்டிய ஆக்கிரமிப்புத் தாவரம். ஒரு நாட்டில் காப்பாற்ற வேண்டியது, இன்னொரு நாட்டில் பிடுங்கி எறிய வேண்டியது. எந்தத் தாவரத்தைப் பற்றியும் நல்லது கெட்டது என்று பேசும் முன், அதன் சொந்த நிலம் எது என்று கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

பூவை ஏந்திய நாடுகள்

இவ்வளவு பரந்த நிலத்தில் வாழும் பூவை ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகள் தமதென்று சொல்லியிருப்பதில் வியப்பில்லை. சிம்பாப்வேயின் தேசியப்பூ இது. வெள்ளையர் ஆட்சியில் ரொடீசியா என்ற பெயர் இருந்தபோதும் இதுவே அந்த நாட்டின் பூ. 1947இல் இளவரசி எலிசபெத் அங்கு சென்றபோது, பாடசாலைப் பிள்ளைகளிடம் சேர்த்த பணத்தில் செய்த வைரப் பதக்கம் ஒன்று இந்தப் பூவின் வடிவில் அவருக்குக் கொடுக்கப்பட்டது. பின்பு போர் நடந்தது. 1980இல் நாடு விடுதலை பெற்றது. பெயர் மாறியது, கொடி மாறியது. ஆனால் பூவை மாற்றவில்லை. ஆண்டவர்களின் சின்னமாகவும் இருந்தது என்பதற்காக, தம் புல்வெளியில் பூப்பதை அந்த மக்கள் அந்நியமாக்கிக்கொள்ளவில்லை.

தமிழ்நாட்டின் மாநிலப் பூவும் இதுதான். இங்கே 2003இல் விடுதலைப் புலிகள் இதைத் தமிழீழத்தின் தேசியப்பூவாக அறிவித்தார்கள். மாவீரர் நாள் வரும் மாதத்தில் பூப்பதும் அதற்கு ஒரு காரணம். 2009க்குப் பிறகு, இந்தப் பூவின் படமே அதிகாரிகளின் கண்ணை உறுத்தத் தொடங்கியது. 2024இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு பாடசாலையின் விளையாட்டுப் போட்டியில், இல்ல அலங்காரம் கார்த்திகைப்பூ வடிவில் இருந்ததற்காகப் பொலிஸ் விசாரணை நடந்தது. எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர், சூழல் பாடத்துக்குப் பிள்ளைகள் உள்ளூர்ப் பூக்களைச் சேகரித்து வந்தபோது இதை மட்டும் எடுத்து ஒதுக்கி வைத்ததாகச் சொன்னார். யாரும் அவரிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பயம் தானாகவே சொல்லிவிட்டது.

உறவுகளை இழந்தவர்கள் இந்தப் பூவை வைத்து அழுவது அவர்களது உரிமை. அதைத் தடுக்கும் அரசிடம் நான் வாதாட வேண்டியது தாவரவியலை வைத்து அல்ல, மனித உரிமையை வைத்து. ஆனால் அந்த ஒதுக்கி வைத்த பூ எனக்கு வேறொரு கவலையையும் தருகிறது. அந்த வகுப்பில் பிள்ளைகள் இந்தக் கொடியின் பெயரைக் கற்கவில்லை. அதன் கிழங்கு நஞ்சு என்பதையும் கற்கவில்லை. தம் வளவில் வளரும் ஒன்றைப் பற்றித் தெரியாமல் அவர்கள் வளர்வார்கள். அந்த அறியாமைக்கு ஒரு நாள் உயிரே விலையாகலாம்.

வேலி போனால் கொடி எங்கே போகும்?

உலகப் பரப்பில் பார்த்தால் கார்த்திகைப்பூ அழியும் நிலையில் இல்லை. ஆனால் ஒரு தாவரம் உலகத்தில் இருப்பதும் நம் ஊரில் இருப்பதும் வேறு வேறு.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கொடியின் முக்கிய வீடு உயிர்வேலி. கிளுவை, பூவரசு, முள்முருக்கு, இடையிடையே பற்றைச் செடிகள். வேலியின் அடிமண்ணை யாரும் கொத்துவதில்லை. இலைகுழை விழுந்து உக்கி மண் இளகியிருக்கும். கிழங்குக்கு வேண்டிய அமைதி அங்கே இருந்தது, இலைநுனிக்கு வேண்டிய பிடிமானமும் இருந்தது. இப்போது வேலி இருந்த இடத்தில் மதில் எழும்புகிறது. அத்திவாரம் வெட்டும்போது கிழங்கு மண்ணோடு போகிறது. சீமெந்துச் சுவரில் இலைநுனி பற்றுவதற்கு எதுவும் இல்லை. நான் குறித்து வைத்த இடங்களில் சிலவற்றில் இன்று மதில்தான் நிற்கிறது. வன்னியில் காணி துப்புரவு, கரையோரத்தில் மணல் அகழ்வு, கண்ட இடமெல்லாம் அடிக்கும் களைநாசினி என்று காரணங்கள் வேறுபடுகின்றன. முடிவு ஒன்றுதான்.

இந்தக் கொடியைக் காப்பாற்றப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. வளவின் ஒரு பக்கமாவது உயிர்வேலியாக விடலாம். வேலியடியை மண்வெட்டியால் கிளறாமல் இருக்கலாம். நவம்பரில் பூ தேவைப்படுவோர் பூவை மட்டும் கிள்ளலாம், கொடியை வேரோடு இழுக்க வேண்டியதில்லை. எல்லாப் பூவையும் பறிக்காமல் சிலவற்றைக் காய்க்க விட்டால் அடுத்த தலைமுறைக்கு விதை கிடைக்கும். கிழங்கைத் தோண்டி வீட்டுக்குக் கொண்டுவந்து நடுவதானால், சின்னப் பிள்ளைகளும் ஆடுமாடுகளும் எட்டாத இடத்தில் நட வேண்டும், அது என்னவென்று வீட்டிலுள்ள எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டும். பாடசாலைகளில் இந்தத் தாவரத்தைத் துணிந்து கற்பிக்க வேண்டும். தெற்கிலும் நியகலா என்ற பெயரில் பிள்ளைகள் இதைப் படிக்கலாம். அம்பாந்தோட்டைப் பற்றையிலும் முல்லைத்தீவுப் பற்றையிலும் பூப்பது ஒரே பூ என்று இரு பக்கப் பிள்ளைகளும் தெரிந்துகொள்வதில் யாருக்கும் நட்டமில்லை.

கார்த்திகைப்பூவின் நாடு எது என்ற கேள்விக்கு வரைபடத்தில் பதில் தேடினால், செனகலிலிருந்து இந்தோனேசியா வரை ஒரு நீண்ட நிலத்தைக் காட்ட வேண்டும். அந்த நிலத்தில் நம் வேலியடியும் ஒரு துண்டு. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மட்டும் நமக்குரியது.